பரீட்சை நோயாளி

பெனாசிர் நீட்டிய அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். விழுங்கத்தான் முடியவில்லை.

பெனாசிர் பாஸ்.

அவசர மருத்துவச் சிறப்புப் பட்டம். முதல் தடவையிலேயே.

அல்வாவை மென்றுகொண்டிருந்தவளுக்கு இது மூன்றாவது தடவை. மூன்றாவது ஃபெயில்.

"கங்கிராட்ஸ்டி" என்று கட்டிப்பிடித்தாள்.

இருவருக்கும் ஒரே விடுதி அறை. ஒரே புத்தகம். செய்முறைத் தேர்வில் நோயாளிகூட ஒரே ஆள்தான். காலையில் அவளுக்கு, மதியம் பெனாசிருக்கு.

சவரிமுத்து. இதய வால்வு சுருங்கியவர். பதினாறு வருடமாகப் பரீட்சைக்கென்றே வந்து படுக்கிறவர். மதியம் பிரியாணி உண்டு. தன் நோயின் இங்கிலீஷ் பெயரைப் பிசகாமல் சொல்வார். தேர்வுக்கு வந்த டாக்டரின் முகம் பிடித்துவிட்டால், தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் அதைக் காதில் போட்டுவிடுவார்.

அவள் காதிலும் போட்டார். அவள் அப்படியே ஒப்பித்தாள்.

தேர்வாளர், "வேறு ஏதாவது?" என்றார்.

வேறு என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தாள்.

இருந்தது. அந்த வால்வில் புதிதாகக் கிருமி உட்கார்ந்திருந்தது. காய்ச்சலைச் சொன்னால் பரீட்சைக்குச் சேர்க்கமாட்டார்கள் என்று, மனுஷன் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து படுத்திருந்தார். மதியம் பெனாசிர் அதைக் கண்டுபிடித்தாள். அன்றே வார்டில் சேர்த்தார்கள். நாலு வாரமாக ஊசி போகிறது.

எப்படிக் கண்டுபிடித்தாள்? பெனாசிருக்கு மட்டும் காய்ச்சலையும் சொல்லியிருக்கிறார். வேறு எப்படி?

அவர் வாயிலிருந்து ஒரு "ஆமா" வந்தால் போதும். நேராகத் துறைத் தலைவரிடம் போய்விடலாம். தன் காதில் விழுந்ததைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

அல்வா ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

"பெனாசிர்கிட்ட காய்ச்சல்னு சொன்னீங்கல்ல?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் பதறிப்போனார்.

"ஐயோ, மாதா சத்தியமா இல்ல டாக்டரம்மா. வழக்கமா சொல்றதச் சொல்லத்தான் வாயெடுத்தேன். 'நீங்க பேசாதீங்க, கையக் குடுங்க'ன்னுட்டாங்க. நகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கோடு கோடா ரத்தம் கட்டியிருந்துச்சாம், வால்வுல கிருமி வந்தா அப்படித்தான் தெரியுமாம். எனக்கே தெரியாதும்மா."



எந்த நோயாளியானாலும் முதலில் கையைப் பார். பெனாசிருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

இவ்வளவு நேரம் அதிர்ஷ்டக்காரி என்றாவது திட்ட முடிந்தது. பாவி, இப்போது அதற்கும் வழியில்லை.

சவரிமுத்துவுக்கு என்ன தோன்றியதோ, ஊசி ஏறாத கையை நீட்டினார்.

"நீங்களும் பாத்துக்கங்க டாக்டரம்மா. அடுத்த தடவைக்கு ஆகும்."

ஜன்னல் வெளிச்சத்துக்கு அந்தக் கையை இழுத்தாள். கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுண்டுவிரல் வரை போய், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

நாலு வார ஊசியில் நகங்கள் எல்லாம் சுத்தமாகியிருந்தன.