கவுன் உடுத்திய செடிகள்

விடிந்தபோது தோட்டம் முழுக்க எர்னஸ்டீன் நின்றிருந்தாள்.

வேலியோரம் மஞ்சள் கவுனில் ஒருத்தி. படிக்கட்டுக்கு அருகே, சர்ச்சில் பாடும்போது அணிகிற ஊதா அங்கியில் ஒருத்தி. நடுப்பாத்தியில் வெள்ளையில், நீலப் பூப்போட்டதில், கை நீளமானதில், கையே இல்லாததில். எல்லோர் தோளிலும் உறைபனி மாவு தூவினாற்போல் படிந்திருந்தது. தரையை ஒட்டிக் கிடந்த மூடுபனியில் யாருக்கும் கால் தெரியவில்லை.

லூஷியஸ் காபிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தன்னோடு வாழ்ந்தவள் இத்தனை பேரா என்று இருந்தது அவருக்கு.

அலபாமாவில் பிப்ரவரி இப்படித்தான் ஏமாற்றும். இரண்டு வாரமாக மே மாத வெயில். ஆண்கள் பனியனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டையாக நின்ற ஹைட்ரேஞ்சியாப் பூச்செடிக் குச்சிகள் எலிக்காது போலத் தளிர்விட்டன. நேற்று மாலை ரேடியோ, இரவு கடும் உறைபனி என்றது.

அவர் செடிகளைக் கவனித்தவரே இல்லை. அவருக்குக் காகித ஆலை, ஓய்வுபெற்ற பிறகு டிவி. தோட்டம் அவளுடையது. கிறிஸ்துமஸ் முடிந்து அவள் போன பிறகுதான், சத்தமில்லாத வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெளியே வந்து, ஒரு தளிரை முதன்முதலாகக் குனிந்து பார்த்தார்.

நேற்று செடிகளை மூடத் தொடங்கியபோது, வீட்டிலிருந்த போர்வைகளெல்லாம் அசேலியாப் புதர் வரிசையோடு தீர்ந்துவிட்டன. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் அவளுடைய அலமாரி ஞாபகம் வந்தது.

அதிலிருந்த துணிகளை எடுத்துப்போக அவள் தங்கை ஒடெஸ்ஸா இன்று வருவதாக இருந்தாள். “அதெல்லாம் அங்க தொங்கிக்கிட்டு இருந்து என்ன ஆகப்போவுது, மாமா?” என்று போனில் கேட்டிருந்தாள்.

லூஷியஸ் ஒவ்வொன்றாக எடுத்து வந்து செடிகளுக்கு உடுத்தினார். குச்சி ஒடியாமல் நுழைத்து, கழுத்துப் பொத்தானைப் போட்டு, தரையில் புரண்ட விளிம்பின் மேல் செங்கல் வைத்தார்.

பக்கத்து வீட்டு ஹோரஸ் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “அவதான் போயிட்டாளே, அண்ணே. யாருக்காக இந்தப் பாடு?”

லூஷியஸ் ஊதா அங்கியின் காலரைச் சரிசெய்து, “குளிருதா?” என்று அதனிடம் கேட்டார்.

இப்போது கிழக்கே லேசாகச் சிவந்தது. மூடுபனி நகர நகர, கவுன்கள் ஒன்றின் பக்கம் ஒன்று சாய்வதுபோல் இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தும் கலைய மனமில்லாமல் பேசிக்கொண்டு நிற்கிற பெண்களைப் போல. அவருக்குக் கதவைத் திறக்கக்கூடப் பயமாக இருந்தது. சத்தம் கேட்டால் எல்லோரும் போய்விடுவார்கள்.

அப்போது கோடியில் ஒரு பச்சைக் கோட்டு அசைந்தது.

அவர் எந்தச் செடிக்கும் கோட்டு போடவில்லை.

கோட்டு வேலியோரமாக நடந்து வந்தது. குனிந்தது. மஞ்சள் கவுனின் விளிம்பைத் தூக்கி உள்ளே பார்த்தது.

கோப்பையை எங்கே வைத்தோம் என்று தெரியாமல், வெறும் சாக்ஸோடு அவர் புல்லில் இறங்கி ஓடினார். உறைந்த புல் காலடியில் நொறுங்கியது.

“ஏன்யா, என் ஈஸ்டர் கவுனைக் கொண்டுபோய் ஒரு காட்டுச்செடிக்கா மாட்டிவிட்டே?” என்றாள் எர்னஸ்டீன். பேசப் பேச அவள் வாயிலிருந்து ஆவி வந்தது. “இது களைய்யா. கோடாலியால வெட்டினாலும் சாகாது!”

“தளிர் விட்டிருந்துச்சு,” என்றார் அவர். “எனக்கு எது எதுன்னு தெரியலே. எல்லாத்தையும் மூடிட்டேன்.”

‘இந்த வீட்ல நான் பேசினா செடிதான் பதில் சொல்லுது’ என்று சொல்லிவிட்டு, ஒரே பெட்டியோடு பக்கத்து ஊரில் தங்கை வீட்டுக்குப் போனவள் அவள். தெருவில் நின்ற அவள் காரின் பின்சீட்டில் ஒடெஸ்ஸா வீட்டுப் போர்வைகள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. ரேடியோவைக் கேட்டும் மாலை முழுக்க வீம்பாக இருந்துவிட்டு, பொறுக்கமாட்டாமல் இருட்டோடு கிளம்பி வந்திருக்கிறாள்.

வெயில் ஏறியதும் இருவரும் பொத்தான்களைக் கழற்றினார்கள். ஹைட்ரேஞ்சியாத் தளிர்கள் பச்சையாகவே இருந்தன. கேட்டுக்கு அருகிலிருந்த ரோஜாவை அவர் மறந்துவிட்டிருந்தார். அது வேகவைத்த கீரை போல் கறுத்துத் துவண்டு கிடந்தது. எர்னஸ்டீன் அதன் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

பனி உருகி, கவுன்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

“இந்த ஈரத்தோட கார்ல போட முடியாது. காய்ஞ்சதும் எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன்,” என்றாள்.

அவர் தலையாட்டினார். அத்தனையையும் வாரித் தோளில் போட்டுக்கொண்டார்.

கொல்லையின் நடுவே, நல்ல வெயிலில், துணிக்கொடி காலியாக இருந்தது. லூஷியஸ் அதைத் தாண்டிப் போனார். கொட்டகைக்கு வடக்கே, நடுப்பகலிலும் நிழல் விலகாத இடத்தில், புதிதாக ஒரு கயிற்றைக் கட்டி, கவுன்களை நெருக்கி நெருக்கிக் காயப்போட்டார்.

எர்னஸ்டீன் படியில் நின்று அதைப் பார்த்தாள்.

கோட்டைக் கழற்றிக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.