மிதிக்க ஒரு ஆள் பத்தாது

"இன்னும் பொடிக்கல்லு கிடக்குது, மிஸ்டர் ஹார்க்ரீவ்ஸ். இதுல விதைச்சீங்கன்னா புல்லு வராது, தெருவே வந்து சிரிக்கும்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மேவிஸ் சொன்னாள். அந்தப் பக்கம் லயனல் ஹார்க்ரீவ்ஸ் குனிந்து தன் தோட்டத்து மண்ணைப் பார்த்தார்.

"அப்படியா? நேத்தே எல்லாத்தையும் பொறுக்கிட்டேன்னு நெனச்சேனே."

"நெனப்பீங்க, நெனப்பீங்க. இன்னொரு தடவை கொத்தி வாருங்க."

"சரிங்க, மிஸஸ் ஹோல்ராய்ட்" என்று அவர் மறுபேச்சில்லாமல் மண்வெட்டியை எடுத்தார்.

அந்தத் தெருவில் இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் ஒன்று மழை பெய்ய வேண்டும், இல்லையென்றால் கையில் ஒரு நாய் இருக்க வேண்டும். மேவிஸிடம் நாய் கிடையாது. அந்த வருஷம் பார்த்து மழையும் கைவிட்டுவிட்டது. கணவர் போய்ச் சேர்ந்து, ஒரே மகளும் நியூசிலாந்தில் குடியேறிவிட்ட பிறகு, ரொட்டிக்கடையில் "சின்ன ரொட்டி ஒண்ணு" என்று கேட்பதற்கு மட்டுமே அவள் வாயைத் திறந்த நாட்கள் உண்டு.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்கு லயனல் குடிவந்தார். அவரும் ஒண்டிக்கட்டை. வந்த கொஞ்ச நாளிலேயே பின்பக்கம் மண்டிக் கிடந்த செந்தட்டிப் புதரையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு, "புல்தரை போடலாம்னு பார்க்கறேன். உங்களுக்கு அதைப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று வேலியோரம் வந்து கேட்டார்.

மேவிஸுக்கு என்ன தெரியும்? அவள் வீட்டுப் பின்பக்கம் முழுக்க சிமெண்ட். ஆனாலும், "தெரியாம என்ன?" என்று வாய் முந்திக்கொண்டது. அன்றைக்கே நூலகத்துக்கு ஓடிப் புத்தகம் எடுத்து வந்தாள். அதில் இருந்ததைச் சொன்னாள். அது தீர்ந்ததும் கைச்சரக்கை அவிழ்த்துவிட்டாள்.

புல் முளைத்துவிட்டால் என்ன ஆகும்? அவர் உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். முளைத்து நிற்கும் புல்லைப் பற்றி ஒரு மனுஷி எத்தனை நாள் பேச முடியும்? அதனால் மேவிஸ் அந்த மண்ணை லேசில் விடவில்லை.

களை முளைக்கட்டும் என்று சும்மா போட வைத்தாள். முளைத்ததும் கொத்த வைத்தாள். ஆறின தேநீரை ஊற்றினால் மண் மிருதுவாகும் என்றாள். அவர் தினமும் ஒரு குடுவை நிறையத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டு, மிச்சத்தை மண்ணுக்கு ஊற்றினார்கள்.

"இப்ப மிதிக்கணும். உடம்பு பாரத்தைக் குதிகால்ல போட்டு, அடி மேல அடி வெச்சு."

"இப்படியா?"

"அப்படித்தான். ஆனா, ஒரு ஆள் கனம் பத்தாது. ரெண்டு பேர் சேர்ந்து மிதிச்சாத்தான் மண்ணு சமமா அமுங்கும்."

இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. லயனல் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வேலியில் இருந்த சின்னக் கதவைத் திறந்துவிட்டார்.

செப்டம்பர் முழுக்க இரண்டு பேரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, பக்கத்தில் பக்கத்தில் குதிகாலால் நடந்தார்கள். "என்ன, வாத்து நடைப் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கீங்களா?" என்று தபால்காரர் கேட்டுவிட்டுப் போனார். மேவிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது.

ஆனால் காலைக் குளிர் உறைக்கத் தொடங்கியதும் அவளுக்கு மனசு உறுத்தியது. உறைபனி வருவதற்குள் விதைக்காவிட்டால் வசந்தம் வரைக்கும் வெறும் மண்தான். தன் பேச்சுத்துணைக்காக ஒரு அப்பாவி மனுஷனின் உழைப்பையெல்லாம் பாழாக்குகிறோமே என்று இருந்தது.

"போதும், மிஸ்டர் ஹார்க்ரீவ்ஸ். மண்ணு தயார். நாளைக்கே விதைச்சிடுங்க."

அவர் முகம் வாடியது. "நிச்சயமாவா? எதுக்கும் இன்னொரு தடவை மிதிச்சுப் பார்த்துடலாமே?"

"வேணாம். தயாராயிடுச்சு."

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழுவி, மாடிப்படிக்கு அடியில் போட்டாள். சமையலறையில் ஒற்றைக் கோப்பையோடு உட்கார்ந்தபோது வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதாள்.

மறுநாள் காலையில் லயனல் விதைப் பையோடு வேலியோரம் நின்றார். "எந்தக் கையால தூவணும்னு நீங்க சொல்லவே இல்லியே?"

நான் இல்லாமல் இந்த மனுஷன் எப்படித்தான் பிழைக்கப்போகிறாரோ என்று மேவிஸின் மனசு அடித்துக்கொண்டது. "வலது கையாலதான்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கோட்டு போட்ட ஒருவர் இறங்கி நேராகத் தோட்டத்துக்கே ஓடி வந்தார்.

"மிஸ்டர் ஹார்க்ரீவ்ஸ், நல்லவேளை இருக்கீங்க! நீங்க ரிட்டயர் ஆகிப் போனதுல இருந்து நம்ம கிரிக்கெட் மைதானத்துப் புல்லு திட்டுத் திட்டாச் செத்துக் கிடக்குது. புதுசா வந்தவர் கையைப் பிசையறாரு. எங்க அப்பா காலத்துல இருந்து அந்தப் புல்லை வளர்த்தவர் நீங்க. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க."

மேவிஸ் மெல்ல லயனல் பக்கம் திரும்பினாள். லயனலின் காதுகள் சிவந்துவிட்டன. அவர் விதைப் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இப்ப வர முடியாதுப்பா" என்றார். "இந்த அம்மா எனக்குப் புல்லு வளர்க்கச் சொல்லிக் குடுத்துட்டிருக்காங்க. இன்னும் பாதிகூட முடியல."