வலப்பக்கம், இடப்பக்கம்

“நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு வலப்பக்கம், ஆறு மணிக்கு இடப்பக்கம்னு சார்ட்ல எழுதியிருக்கீங்க. யாரைத் திருப்பிப் படுக்க வெச்சீங்க? தலகாணியையா?”

புது சிஸ்டரின் குரல் அறையைத் தாண்டி நடைவழி வரை கேட்டது. துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சலவைக்காரர் அங்கேயே நின்று, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றைப் பிரித்து மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

மேசைக்கு எதிரே பெரியக்கா நின்றாள். அந்த முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருஷமாக உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் புது சிஸ்டர் அவளை வாய் நிறைய ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டாள். பஞ்சு எந்த அலமாரியில், எந்தத் தாத்தாவுக்கு எந்தக் காது கேட்காது, எல்லாம் அக்காவைக் கேட்டுத்தான். ‘பொறுப்பு நர்ஸ்’ என்ற பேட்ஜ் சட்டையில் ஏறிய அன்றைக்கு அக்கா இறங்கிவிட்டாள்.

புது சிஸ்டருக்கு வேகமான கை என்று மேட்ரனே மெச்சியிருந்தார். இருபது கட்டிலுக்கும் பிரஷர் பார்க்க அவளுக்குப் பத்து நிமிஷம் போதுமாம். ஆனாலும் பேட்ஜுக்கு மூன்று மாதக் கெடு. உதவியாளர்களை மேய்க்கத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் நிரந்தரம்.

“ஒன்பதாம் கட்டில் போஸ்ட்மாஸ்டரைத்தான் சிஸ்டர்,” என்றாள் பெரியக்கா.

“அவரை நேத்து காலைல பத்து மணிக்கே அவர் பொண்ணு வேன்ல கூட்டிட்டுப் போயாச்சு. இன்னிக்கு மத்தியானம்தான் திரும்பி வந்தார். கேட் நோட்டைப் பாத்துட்டேன்.”

“ஆமா சிஸ்டர். நான்தான் சட்டை மாட்டி அனுப்பினேன்.”

“தெரிஞ்சேதான் எழுதினீங்களா?”

“தெரிஞ்சேதான்.”

புது சிஸ்டர் சார்ட்டை இன்னும் கிட்டத்தில் இழுத்தாள். தாளின் கீழ்ப்பாதி கிளிப்புக்கு அடியில் மடிந்து கிடந்தது.

“ஆறு மணிக்கு சூப் முக்கால் கிண்ணம். மீதி கால் கிண்ணம் எங்க போச்சு?”

“முழுசும் குடிச்சார்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. அவர் எப்பவும் கொஞ்சம் வெச்சிடுவார்.”

வெளியே துண்டு மூன்றாவது முறையாகப் பிரிந்தது.

“தானா திரும்பிப் படுக்க முடியாத மனுஷன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பலேன்னா முதுகு புண்ணாயிடும். அதுல போய் பொய் எழுதறீங்களே!”

“அவர் முதுகை வந்து பாருங்க சிஸ்டர்.” பெரியக்காவின் குரல் அப்போதுதான் கொஞ்சம் ஏறியது. “பத்தொன்பது வருஷத்துல நான் பாத்த கட்டில்ல ஒரு முதுகு சிவந்ததில்ல.”

“எனக்கு முதுகு வேணாம். தாள்தான் வேணும்.”

புது சிஸ்டர் மெமோ எழுத ஆரம்பித்தாள். பெரியக்கா ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவள். ஒன்று, தாமதமாக வந்ததற்கு. இன்னொன்று, மேட்ரன் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது சிரித்ததற்கு. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

“சிஸ்டர், இந்த சார்ட்டையும் சேத்துதான் மேட்ரனுக்கு அனுப்புவீங்களா?”

“பின்னே? இதுதானே சாட்சி.”

“மெமோவை மட்டும் அனுப்பிடுங்களேன். தப்பு பண்ணினேன்னு நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். சார்ட் வேணாம்.”

“இப்ப பயமா இருக்கோ?”

“கொஞ்சம் பயமாதான் இருக்கு.”

“எழுதறதுக்கு முன்னாடி பயந்திருக்கணும்,” என்று சொல்லிவிட்டுப் புது சிஸ்டர் இழுப்பறையைத் திறந்து ஸ்டேப்ளரைத் தேடினாள்.

இனிச் சொல்லிப் பயனில்லை என்று பெரியக்காவுக்குப் புரிந்தது. கையை நீட்டி, மடிந்திருந்த கீழ்ப்பாதியை மெல்லப் பிரித்து நீவிவிட்டாள்.

“பத்து மணிக்கு மேல என் கட்டம் எல்லாத்தையும் காலியாதான் விட்டிருந்தேன் சிஸ்டர். சாயங்காலம் கிளம்பறப்போ கீழ பாத்தேன். நாலு மணி, பிரஷர் நூத்தி முப்பதுக்கு எம்பது, நாடி எழுபத்திரண்டு, ‘நல்ல தெம்பாக இருக்கிறார்’னு எழுதி, பக்கத்துல உங்க கையெழுத்து. தெம்பா இருக்கற மனுஷனை நான் திருப்பிப் படுக்க வெக்காம விட்டா, உங்களையில்ல கேள்வி கேப்பாங்க?”

நடைவழியில் துண்டின் சத்தம் நின்றுபோயிருந்தது.

“உக்காருங்கக்கா,” என்றாள் புது சிஸ்டர்.