முதல் தப்பு

“உங்களை வண்டியில இடிச்சவன்கூட இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க. கேஸ் போடறவங்க செய்யற முதல் தப்பே அதுதான். வாய் தவறி ‘பரவாயில்ல’ன்னு சொன்னாக்கூட, கோர்ட்டுல அதையே பிடிச்சுக்குவாங்க,” என்றார் வக்கீல்.

தையற்காரர் கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டார். மெஷின் மிதித்து மாதக்கணக்காகிவிட்டது. நஷ்டஈடு வந்தால்தான் பிழைப்பு.

“கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாரே, வாசல்ல நிக்கிறது மகனா?”

“நான் ஒண்டிக்கட்டை சார். ஆஸ்பத்திரியிலயும் அவர்தான் தினம் வந்து பக்கத்துல உக்காந்து பேசிட்டிருப்பார்.”

“இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா! அவரையே சாட்சியாப் போட்டுடலாம். வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க.”

தையற்காரர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“கேஸ் வேணாம் சார். என்னை இடிச்சவரே அவர்தான். அவர்கூடவும் பேசலன்னா, நான் வேற யார்கூடப் பேசறது?”