விளிம்பு கருகிய ஆப்பம்

சிவப்புக் குடை இருக்கும் என்று ஏஐ சொல்லியிருந்தது. இருந்தது.

"பாத்தியா?" என்று காளிதாசன் காரை ஓரங்கட்டினார். கூலிம் பட்டணம் தாண்டியதிலிருந்து இதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் துறுதுறுத்துக்கொண்டிருந்தது. "மனுசன் சொன்னா ஆயிரம் கோளாறு இருக்கும். இதுக்கு நம்மகிட்ட பொய் சொல்லி என்ன கெடைக்கப் போவுது லா?"

பக்கத்தில் அவர் மனைவி பிரேமாவதி, மடியிலிருந்த முறுக்கு டின்னை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு காளிதாசனுக்குப் புதிதாய் வாய்த்த கூட்டாளி இந்த ஏஐ. கைப்பேசியில் எதைத் தேடினாலும் முதல் ஆளாக மேலே வந்து நின்று பதில் சொல்லும். அதற்குக் கீழே இருப்பதை அவர் படிப்பதே இல்லை. மேலேயே சொல்லிவிட்டான், அப்புறம் என்னத்துக்கு?

அது சொன்னபடி மாமரத்துக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினார். மரம் பட்டுப்போனது. மரத்துக்குக் குடுத்து வைக்கவில்லை என்று முடித்துக்கொண்டார்.

வீட்டு மனுசர் பேச்சுதான் அவர் காதில் ஏறாது. ரையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் காஞ்சனா அழுதபோதும் ஏறவில்லை. வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன், நமக்குச் சரிவராது என்று ஒரே பிடியாய் நின்றார். பதிவுத் திருமணத்துக்குப் போகவில்லை. அவள் எந்த ஊரில் குடியிருக்கிறாள் என்பதுகூட என் காதில் விழக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சொன்ன மறுவாரமே கேட்க வேண்டும்போல் இருந்தது. வீம்பு விடவில்லை.

பிரேமாவதியும் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். இப்போதெல்லாம் மகள் பேச்சையே எடுப்பதில்லை. அதுதான் அவரை அதிகமாக உறுத்தியது.

காஞ்சனா போனதோடு வீட்டில் ஆப்பமும் போனது. காளிதாசனுக்கு ஆப்பம் என்றால் விளிம்பு கருகியிருக்க வேண்டும். தேங்காய்ப்பாலை மேலே ஊற்றக் கூடாது, தனி டம்ளரில் வேண்டும். பிரேமாவதிக்கு அப்படிக் கருகவிட மனசு வராது. கடையில் கேட்டால் சிரிப்பார்கள். பொறுமையாய்ச் சுட்டுக் கொடுத்தது மகள் ஒருத்திதான்.

போன வாரம், நாக்கு கேட்கிறதே என்று கெடா மாநிலத்தில் நல்ல ஆப்பக் கடை எது என்று தேடினார். கூட்டாளி உடனே மேலே வந்து நின்றான்.

செர்டாங், சாலையோரச் சிவப்புக் குடைக் கடை. விளிம்பு கருகும்வரை சுடுவதையும் தேங்காய்ப்பாலைத் தனி டம்ளரில் தருவதையும் வாடிக்கையாளர்கள் வெகுவாகப் பாராட்டுகின்றனர்.

காளிதாசன் அசந்துபோனார். நம்மளை மாதிரி நாக்கு உள்ளவங்க ஊருக்குள் இத்தனை பேர் இருக்காங்களா?

கோலா கெத்திலிலிருந்து செர்டாங் ஒன்றும் பக்கத்தில் இல்லை. ஆப்பத்துக்காக இவ்வளவு தூரமா என்று பிரேமாவதி முணுமுணுக்காமல் கிளம்பியதே அதிசயம். அதுவும் பட்டுச் சேலையில். ஆப்பம் தின்னப் போவதற்கு யாராவது பட்டு கட்டுவார்களா?

நாலு நாற்காலி போட்ட சின்ன ஒட்டுக்கடைதான். ஓர் ஓரத்தில் ஒரு பையன் முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். அடுப்புக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண். புகையில் முகம் தெரியவில்லை. காளிதாசன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

என்ன வேண்டும் என்று யாரும் வந்து கேட்கவில்லை.

தட்டு மட்டும் வந்தது. விளிம்பு கருகிய ஆப்பம். பக்கத்தில் தனி டம்ளரில் பால். தட்டை வைத்த கை திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றது.

நிமிர்ந்து பார்த்தார். காஞ்சனா.

இளைத்திருந்தாள்.

பிரேமாவதியைத் திரும்பிப் பார்த்தார். அவளோ சாலையில் செம்பனைக் குலை ஏற்றிப் போன லாரியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருசம் லாரிக்காரனோடு குடித்தனம் நடத்தியவள், லாரியை இன்றைக்குத்தான் பார்க்கிறாளாம்.

கையை என்ன செய்வது என்று தெரியாமல் காளிதாசன் கைப்பேசியை எடுத்தார். அந்தப் பதில் இன்னும் அப்படியே இருந்தது. முதல்முறையாக அதைத் தாண்டிக் கீழே தள்ளிக்கொண்டே போனார்.

கடையைப் பாராட்டிய வாடிக்கையாளர்கள் வரிசையாக வந்தார்கள். உமாராணி. ரமணி. அகத்தா. எல்லாரும் பிரேமாவதியோடு ஒரே வேனில் கையுறை செய்கிற கிலாங்குக்கு வேலைக்குப் போகிறவர்கள். கருகிய விளிம்பையும் தனி டம்ளரையும் ஒருத்தி விடாமல் எழுதியிருந்தார்கள்.

விளிம்பு கருகினால்தான் என் வீட்டுக்காரருக்கு உயிர் என்று எழுதியிருந்தாள் அகத்தா. அகத்தாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

காளிதாசன் கோபம் வரட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். வருவதாகத் தெரியவில்லை.

ஆப்பத்தைப் பிய்த்துப் பாலில் தோய்த்து வாயில் வைத்தார். மென்றார். காஞ்சனா எதற்கோ காத்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல அடுப்புக்குத் திரும்பினாள். கூப்பிட நினைத்தார்.

கைப்பேசியை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். ஆப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

அடுப்போரத்தில் காஞ்சனாவின் கைப்பேசி சிணுங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். கடைக்குப் புதிதாய் ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.

'விளிம்பு இன்னும் கொஞ்சம் கருகலாம். மத்தபடி என் மகள் கைருசிக்குக் குறை சொல்ல முடியாது. சட்டியை இறக்கி வச்சிட்டு, மாப்பிள்ளையும் நீயும் வந்து உக்காருங்க. அம்மா முறுக்கு கொண்டாந்திருக்கா.'

காஞ்சனா அதை ரையனிடம் நீட்டினாள். அவன் தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.