திரும்பாத வழி

மரியதங்கத்தின் பயணத் திட்டத்திலிருந்து மலையை எடுத்துவிடலாம் என்றுதான் பயண ஏற்பாட்டாளர் பரிதிவாணன் நினைத்தார். மிருகக்காட்சி சாலையில் இருபத்தெட்டு வருடம் சிங்கங்களுக்குத் தீனி வைத்து ஓய்வு பெற்றவர், ஆப்பிரிக்கா போய் அவற்றைக் காட்டில் பார்க்க ஆசைப்படுவது புரிந்தது. அறுபது வயதில் கிளிமஞ்சாரோ எதற்கு?

“ஏழு நாள் நடைம்மா. மேல போகப் போக மூச்சு முட்டும். ஜீப்புல போய் சிங்கத்த மட்டும் பாத்துட்டு வந்துடுங்களேன்.”

“எங்கிட்ட ராஜப்பான்னு ஒரு சிங்கம் இருந்துது சார். கூண்டுலயே பொறந்தது. பதினஞ்சு அடி நடக்கும், சுவர் வந்துடும், திரும்பும். சாகுற வரைக்கும் அதே நடைதான்.” மலையேற உடம்பு தாங்கும் என்று டாக்டர் கொடுத்த சான்றிதழை மேசையில் வைத்தார். “நானும் கம்பிக்கு இந்தப் பக்கம் கூடவே நடந்திருக்கேன். ஒரு தடவையாவது திரும்பாம நடந்து பாக்கணும். ஏறின வழியிலயேதான் எறங்கணுமா?”

பரிதிவாணன் எத்தனையோ பேரை அந்த மலைக்கு அனுப்பியிருக்கிறார். கழிப்பறை பற்றிக் கேட்பார்கள், குளிர் பற்றிக் கேட்பார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

“இல்லம்மா,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “ஒரு பக்கமா ஏறி, இன்னொரு பக்கமா எறங்கலாம்.”

வரைபடத்தை விரித்தார். மரியதங்கம் அடிவாரத்தில் விரலை வைத்து, அவசரமில்லாமல் மேலே நகர்த்தினார். விரல் உச்சியைத் தாண்டி மறுபுறம் இறங்கி, சிங்கங்கள் திரியும் புல்வெளியை நோக்கிப் போனது. பரிதிவாணன் தன் தேநீர்க் கோப்பையை எடுத்து அதற்கு வழிவிட்டார்.