ஐம்பத்தைந்து இன்ச்

அட்டைப்பெட்டியை நாகு மூன்று முறை சுற்றி வந்தாள்.

மேல்பக்கம் டேப் இரண்டு தடவை ஒட்டியிருந்தது. ஒருமுறை பிரித்த பெட்டிதான். கம்பெனி பெயரோ வாயில் நுழையவில்லை. ஐம்பத்தைந்து இன்ச் டிவி, பாதி விலைக்கு. முதலில் விலையை ஏற்றி எழுதிவிட்டு அப்புறம் அதைக் கோடு போட்டு அடித்திருப்பார்கள்.

"டிஸ்கவுண்ட் இன்னைக்கு ஒருநாள்தான்க்கா" என்றார் கடைக்காரர்.

போன ஞாயிற்றுக்கிழமையும் இதே பேனர்தான் தொங்கியது. அவள் பார்த்திருக்கிறாள்.

ஆனால் அவளுடைய பெரிய சந்தேகம் கடைக்காரர் மேல் இல்லை. பக்கத்தில் நிற்கும் தன் வீட்டுக்காரர் மேல்.

குருவையா அரசு பஸ் டிரைவர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறும் வண்டி. இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அவராக வாய் திறந்து வாங்கலாம் என்று சொன்ன பொருள் ஒன்றே ஒன்று, மிக்சி. மிக்சி வந்த மறுநாள் அவருடைய தங்கை பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள். நான்கு மாதம் விதவிதமாகச் சட்னி அரைத்தாள் நாகு.

இப்போது ஐம்பத்தைந்து இன்ச். இந்தத் தடவை வரப்போவது யார்?

பழைய டிவி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லியும் பார்த்தாள்.

"படம் சின்னதா இருக்கு நாகு."

பதினொரு வருடமாக அதே அளவில்தான் இருக்கிறது.

கடைக்காரர் கேட்டார். "வீட்டு ஹால் எத்தன அடிங்க சார்? இந்த சைஸுக்கு எட்டடியாச்சும் தள்ளி உக்காரணும். இல்லேன்னா கண்ணு உறுத்தும்."

குருவையா ஓடிக்கொண்டிருந்த டிவிக்கு இரண்டடி முன்னால் போய் நின்றார். முகமெல்லாம் நீல வெளிச்சம். சந்நிதியில் திரை விலகியதும் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"விலை என்ன போட்ருக்கான்?"

விலை அட்டை எதிர்ச் சுவரில் தொங்கியது. வாசலில் நுழையும்போதே அவள் படித்துவிட்டாள்.

உஷாரானாள். விலையைத் தன் வாயால் சொல்ல வைக்கப் பார்க்கிறார். நாளைக்கு டிவி மக்கர் பண்ணினால், நீ பார்த்துத்தானே வாங்கினோம் என்று அவள் தலையில் கட்டிவிடலாம். இந்த வேலையெல்லாம் அவளிடம் நடக்காது.

"நீங்களே படிங்க."

அவர் படிக்கவில்லை. அந்தச் சுவர்ப்பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. பர்ஸிலிருந்து கார்டை எடுத்து நீட்டிவிட்டார்.

கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்குகிற மனிதர்.

ஆட்டோவில் வரும்போது பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். எதையோ மறைக்கிறார். கேட்டால் சொல்லமாட்டார்.

மதியத்துக்குள் கடை ஆட்கள் வந்து சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கிரிக்கெட் ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, படம் பளிச்சென்றுதான் இருந்தது.

டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் வீட்டு ஹாலில் எட்டடி ஏது. இருந்த இடத்திலும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டிருந்தார். முழங்கால் சுவரில் இடித்தது.

அப்போதுதான் ரெஜினா சொன்னது நினைவுக்கு வந்தது.

ரெஜினாவின் வீட்டுக்காரர் அந்தோணியும் அதே மலையில் வண்டி ஓட்டுகிறவர். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வரும்போது டிரைவர்கள் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கடப்பார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட மலைமேல் அதை விடுவதில்லை.

போன வாரம் சந்தையில் ரெஜினா அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணனுக்கு எங்க வீட்டுக்காரர் மேல என்னக்கா கோவம்? கை தூக்குனா கண்டுக்கவே மாட்டேங்கிறாராம்."

ஆம்பளைகள் சண்டை, நமக்கென்ன என்று வந்துவிட்டாள் நாகு.

டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ரிமோட்டை எடுத்தாள். டிவியின் சத்தத்தை நிறுத்தினாள்.

"ஸ்கோர் என்னங்க?"

திரையின் அடியில் இருந்தது. வெள்ளை எழுத்து. சமையலறை வாசலில் நின்றாலே அவளுக்குத் தெரியும்.

அவர் முன்னால் சாய்ந்தார். இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"இப்பத்தான சொன்னான்... நூத்தி நாப்பது இருக்கும்."

நூற்றுப் பதினாறு.



கண் டாக்டரிடம் போயிருக்கவேண்டிய மனிதர் டிவி கடைக்குப் போயிருக்கிறார். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் கோளாறு என்றால் இதற்குள் வாங்கி மாட்டியிருப்பார். அதற்கும் மேலே என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு டிப்போ கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்துவிடுவார்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் வண்டி. ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். மலை முழுக்க வளைவு.

கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

ஆணியில் காக்கி யூனிபார்ம் இரண்டு செட், தேய்த்து மாட்டியிருந்தது.

இரண்டையும் எடுத்தாள். கொல்லைப் பக்கம் போய் வாளியில் அமுக்கிக் குழாயைத் திறந்துவிட்டாள். காலையில் போட்டுக்கொண்டு போக வேறு செட் கிடையாது.

தண்ணீர் விழும் சத்தம் ஹால்வரை கேட்டிருக்கும்.



கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். சத்தமில்லாமல் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.